பக்கத்து நாற்காலிக்காரர்

சனிக்கிழமை மத்தியானம் நூலகத்து மேல்மாடியில் ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு, நூலகர் பர்வீன் விதியைச் சொன்னாள். "ஒருத்தர் தன் வீட்டுச் சங்கடத்தைச் சொல்லணும். பக்கத்துல இருக்கவங்க அதையே தன் கதையா, 'நான்'னு திருப்பிச் சொல்லணும். புத்தி சொல்லக்கூடாது. எதையும் கூட்டவும் கூடாது."

ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததைத் தங்கபுஷ்பம் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு மறதி முத்திப்போச்சு. என்னை அக்கான்னு கூப்பிடுறாரு." மிச்சத்தைச் சொன்னால் கட்டிய தாலிக்கே அவமானம் என்று தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் எலக்ட்ரீசியன் யோவான். அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்கு மறதி முத்திப்போச்சு" என்று அவர் தொடங்கியதும் வட்டமே சிரித்தது. "அட, மீசை வெச்ச பொண்டாட்டி!" என்றாள் எதிரே இருந்தவள்.

யோவான் சிரிக்கவில்லை. "என்னை அக்கான்னு கூப்பிடுறாரு. நானும் 'என்னடா தம்பி'ன்னு கேட்டுக்கிட்டே சோறு ஊட்டுறேன். அப்பத்தான் வாயைத் திறக்கிறாரு."

தங்கபுஷ்பம் மடியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு அவள் செய்வதும் அதையேதான்.

"அண்ணே, அந்தம்மா அதைச் சொல்லலையே. நீங்களா கூட்டாதீங்க" என்று பர்வீன் கையை உயர்த்தினாள்.

தங்கபுஷ்பம் தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவரைத் தடுக்காத, தாயி" என்றாள். "நான் இன்னும் என்னென்ன செய்றேன்னு கேட்கணும்."