பெரியம்மாவுக்குச் சூடாக

பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் மகள் அடுப்பை மூட்டியதுமே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலைல மிஞ்சினதைப் போடு, போதும். அவ வீட்ல தங்கிப் படிச்ச மூணு வருஷத்துல உனக்கு ஒரு நாளாவது சூடா போட்டிருப்பாளா?"

"இல்லைம்மா."

"அப்புறம் என்ன? ரோஷமே கிடையாதாடி உனக்கு?"

மகள் முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"இன்னைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இன்டர்வியூ போனேன்ல? இங்கிலீஷ்ல 'கோல்டு ஷோல்டர்'னா என்ன அர்த்தம், அது எப்படி வந்ததா கதை சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. நாற்பது பேர்ல யாருக்கும் தெரியலை. நான் சொன்னேன். அந்தக் காலத்துல வேண்டாத விருந்தாளிக்குச் சூடா எதுவும் தரமாட்டாங்களாம். ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியைத்தான் வைப்பாங்களாம். வாயால 'போ'ன்னு சொல்லாம, முகம் கொடுக்காமலே விரட்டுறது."

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பெரியம்மா வீட்ல ஆறின சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டே அகராதியைப் புரட்டினப்போ கண்ணுல பட்டுது. மறக்குமா? வேலை எனக்குத்தான்னு அங்கேயே சொல்லிட்டாங்கம்மா. இது குருதட்சிணை!"

அம்மா மகளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கூடம் வரை கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அக்கா, உனக்கு முட்டை ஒண்ணா, ரெண்டா?"