காணிக்கைப் பாட்டு

செராமிக் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் கிளமெண்ட் நேராக மாதா கோயிலுக்குப் போனான். ஆர்மோனியத்துக்குப் பதில் அந்த வருடம்தான் கீபோர்டு வாங்கியிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்வது அவன் பொறுப்பு.

கட்டைகளை ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தான். பட்டன்கள் சிலவற்றில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிவிட்டான்.

மறுநாள் பூசையில் கீபோர்டு வாசிக்கும் ஆக்னஸ் டீச்சர் காணிக்கைப் பாட்டுக்காகப் பட்டனை அழுத்தினார். டிஸ்கோ தாளம் அலறியது! கோயிலே திரும்பிப் பார்த்தது. பங்குச் சாமியாரின் முகம் சிவந்தது.

கிளமெண்ட் ஓடிப்போய் நிறுத்தினான். "என்னா ஆச்சு டீச்சர்?"

"மெழுகெல்லாம் எங்கப்பா?" என்று டீச்சர் கிசுகிசுத்தார். "அதத் தடவித்தான் பட்டன கண்டுபுடிப்பேன். கண்ணு சுத்தமா போயிடுச்சு. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வேற ஆள வச்சிடுவாங்க."

கிளமெண்ட் நிமிர்ந்தான். பீடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "மன்னிச்சிடுங்க ஃபாதர். தொடைக்கறேன்னு நான்தான் பட்டன கெடுத்துட்டேன்!"

பிறகு டீச்சர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க வாசிங்க டீச்சர். எல்லா ஞாயித்துக்கெழமையும் பட்டன நான் பாத்துக்கறேன்."