அரக்கன் பார்த்தது

பழைய அரக்கன் கதையை அரக்கனின் கண்ணால் சொல்லும் அனிமேஷன் படம். அரக்கனைக் காட்டவே கூடாது. அவன் பார்ப்பதை மட்டும் காட்ட வேண்டும்.

"அரக்கன் பாசமாத்தான் வீட்டுக்குள்ள வர்றான். ஆனா அவனைப் பார்த்ததும் பிள்ளைங்க நடுங்கணும். நீ வரைஞ்சதுங்க கொட்டாவி விடுதுங்க," என்றார் இயக்குநர் ஓவியனிடம். "நாளைக்கும் அந்த நடுக்கம் வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

யாரையாவது நடிக்க வைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைவது அங்கே வழக்கம். ஓவியன் செல்போனில் கேமராவை ஓடவிட்டு, லென்ஸ் வெளியே தெரியும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அந்தப் படத்தைத் திரையில் போட்டான். கதவு திறந்தது. பொம்மைக்குச் சோறூட்டிச் சிரித்துக்கொண்டிருந்த மகளின் முகம் வெளிறியது. சத்தமில்லாமல் எழுந்தாள். தம்பியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

இயக்குநர் கைதட்டினார். "அடேயப்பா! தம்பியை மறைக்கறாளே, அது யார் சொல்லிக்கொடுத்தது? உன் பொண்ணு பெரிய நடிகைய்யா!"

ஓவியன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நடிக்கணும்னு இன்னும் சொல்லவே இல்ல சார். அப்பதான் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறேன்."