கோவமில்லத்தானே?

“என்னோட கோவமில்லத்தானே?” என்று கேதீஸ்வரி கேட்டாள்.

“ஓம்,” என்றார் வினாயகமூர்த்தி.

அவளுக்கு அது போதும். கணவரின் வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். விளக்கேற்றியதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, இந்த ஒரு பதிலை வாங்கிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் தனுஷியா மூன்று வயதில் வாவியில் மூழ்கி இறந்தவள். வழமையாகத் தோணியைக் கரையில் இழுத்துப் போடும் வினாயகமூர்த்தி, அன்று அலுப்பில் அதைத் தண்ணீரிலேயே கட்டிவிட்டு வந்து படுத்திருந்தார். கேதீஸ்வரி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்போது படலையைத் தாண்டியது, எப்படித் தோணியில் ஏறியது என்று அவளுக்குத் தெரியாது.

“அடுப்படியில நிண்டவள் ஒருக்கா எட்டிப் பார்க்கக் கூடாதா?” என்று ஊர் கேட்டது. அவர் கேட்கவில்லை. தோணியை விற்றுவிட்டு மேசன் வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அவளுடைய முகத்தைப் பார்த்ததில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுவார், கை கழுவுவார், வெளியே போய்விடுவார். ஏசினாலாவது பரவாயில்லை என்று அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்தது.

போன வருடம் ஒரு மாடிவீட்டுக்குப் பூச்சு வேலை செய்யும்போது நின்ற பலகை சரிந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தபோது வலது கை இயங்கவில்லை. வாயில் மிஞ்சியிருந்தது ‘ஓம்’ என்ற ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் அவரோடு பேசத் தொடங்கினாள். “மழை வரும் போல கிடக்கு, என்ன?” “ஓம்.” “கறி நல்லமா?” “ஓம்.” ஒருநாள் துணிந்து, இத்தனை வருடமும் நெஞ்சுக்குள் கிடந்ததையும் கேட்டுவிட்டாள். அதற்கும் ஓம் என்றார். அன்று அவள் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை.

அதனால்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து கம்சாயினி வீடு தேடி வந்தபோது அவள் சிரித்தாள்.

“இவருக்குப் பயிற்சி என்னத்துக்கு மிஸ்? கேட்டதுக்கெல்லாம் வடிவாப் பதில் சொல்றாரே!”

கம்சாயினி கதிரையை இழுத்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“அண்ணன், உங்கட பேர் வினாயகமூர்த்தியா?”

“ஓம்.”

“இவங்க உங்கட மனுசியா?”

“ஓம்.”

கேதீஸ்வரி பெருமையோடு பார்த்தாள்.

“உங்கட பேர் அஹமட்டா?”

“ஓம்.”

கேதீஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது. கம்சாயினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அவருக்கு எல்லாம் விளங்குது அக்கா. ஆனா நினைக்கிறது ஒண்டு, வாயில வாறது ஒண்டு. அடிபட்ட இடம் அப்பிடி.”

அன்று மாலை கேதீஸ்வரி விளக்கேற்றினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் அந்த வீட்டில் தான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது வாய் தானாக மூடிக்கொண்டது. அவருக்கு உணவூட்டும்போதும் பேசாமலே ஊட்டினாள்.

கம்சாயினி கிழமைக்கு ஒருமுறை வந்தாள். ஒரு படப் பலகை கொண்டுவந்தாள். அதில் தேநீர், கட்டில், மலசலகூடம், சிரித்த முகம், கோபமான முகம் எல்லாம் இருந்தன. அடியில் ஒரு சரி அடையாளம், ஒரு பிழை அடையாளம். மெல்ல மெல்ல அவருடைய இடது கை பழகியது. “உங்கட பேர் அஹமட்டா?” என்று கேட்டால் வாய் ஓம் என்றது. விரல் போய்ப் பிழையைத் தொட்டது.

“பாத்தீங்களா! இப்ப நீங்க ஏதாவது கேளுங்க அக்கா,” என்றாள் கம்சாயினி.

தேத்தண்ணி வேணுமா என்று கேட்டிருக்கலாம். கேதீஸ்வரியின் வாயில் வந்தது வேறு.

“என்னோட கோவமா?”

“ஓம்,” என்றது அவர் வாய்.

விரல் சரிக்கும் போகவில்லை, பிழைக்கும் போகவில்லை. மேலே ஏறிக் கோபமான முகத்தைத் தொட்டது. பிறகு எட்டி அவளுடைய கையைத் தொட்டது. கடைசியில் அவருடைய நெஞ்சில் வந்து நின்றது.

கோபம். நீ. நான்.

கேதீஸ்வரி எழுந்துவிட்டாள். “விளங்கிட்டு மிஸ். அவர் என்னை இன்னும் மன்னிக்கல்ல. எனக்குத் தெரியும்.”

அவர் அவளுடைய கையை எட்டிப் பிடித்தார். விடவில்லை. இழுத்து உட்காரவைத்து, அவளுடைய விரலைப் பலகையில், சரிக்கும் பிழைக்கும் நடுவில் வைத்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டு, பிள்ளை போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

கம்சாயினிக்குத்தான் முதலில் புரிந்தது.

“அக்கா, அவர் பதில் சொல்லல்ல. உங்களுக்கு அவரோட கோவமா எண்டு கேக்கிறார்.”