ஊசி போடாத ஆள்

“நோயைக் கடைக்குள்ள கொண்டுவந்தே. ஒரு வாரம் கடையை மூட வெச்சே. இப்ப ஊசியும் போட்டுக்க மாட்டே. நல்லா இருக்கும்மா உன் நியாயம்!”

இஸ்திரிக்காரர் போட்ட சத்தத்தில் சலவைக்கடையே அடங்கிப் போனது.

“நான் மாட்டேன்னு சொல்லலைண்ணே. சிஸ்டர்தான் இப்ப வேணாம்னுட்டாங்க.”

சொன்னவளுக்குக் கடையில் சோப்பு என்று பெயர். துவைக்கிற மெஷின்கள் அவள் பொறுப்பு. ஹோட்டல் துணி மூட்டை மூட்டையாக வரும். பிரித்துப் போடுவது அவள், தேய்ப்பது இவர்.

மடிப்பு மேஜையை ஒதுக்கி, அதன் மேல் தடுப்பூசிப் பெட்டியை வைத்திருந்த நர்ஸ் நிமிர்ந்தார்.

“அவங்க சொல்றது சரிதான் பெரியவரே. இவங்க தேறி ஒரு மாசம்தான் ஆகுது. கொஞ்ச காலத்துக்கு உடம்பே காவல் காக்கும். தேறினவங்க மூணு மாசம் கழிச்சுப் போட்டுக்கலாம்னு எங்களுக்கு உத்தரவு. இருக்கிற மருந்தும் கொஞ்சம். இதுவரைக்கும் நோய் வராதவங்களுக்குத்தான் முதல்ல.”

“சாக்கு கிடைச்சா போதும்” என்று முணுமுணுத்தார் இஸ்திரிக்காரர்.

அவர் கோபம் அவருக்கு. வீட்டில் மனைவிக்கு நுரையீரல் பலவீனம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். சோப்பு காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து அவர் வராந்தாவில் படுக்கிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எல்லாம் இவளால்தானே?

மாடிப்படி அதிர முதலாளி இறங்கி வந்தார். வீடு மேலே, கடை கீழே. சத்தம் கேட்டிருக்கும்.

“எனக்கு இந்தக் கதையெல்லாம் வேணாம். ஹோட்டல்காரன் கண்டிஷனாச் சொல்லிட்டான். ஊசி போடாத ஆள் நாளையிலேர்ந்து இந்தக் கடை வாசப்படி மிதிக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி.”

“மூணு மாசம் ஆகட்டும் முதலாளி, நானே போய்ப் போட்டுக்கறேன்...”

“அதுவரைக்கும் மெஷினை யார் ஓட்டுறது, உன் நிழலா? நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

சோப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி முறைத்தார். மூடிக்கொண்டாள்.

சோப்பு வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். இஸ்திரிக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் மனசு இளகவில்லை. வேணும், நல்லா வேணும்.

நர்ஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னும் ஒருத்தருக்குத்தான் இருக்கு. மறுபடி எப்ப வரும்னு சொல்ல முடியாது. வாங்க பெரியவரே.”

இஸ்திரிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குள் நாற்காலியில் முதலாளி.

“நீங்க மெதுவாப் போட்டுக்கலாம். நான் போட்டுக்கிற போட்டோவை ஹோட்டலுக்கு அனுப்பணும்.”

சோப்பிடம் எட்டுக் கட்டையில் ஏறிய குரல் முதலாளி முன்னால் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சுருட்டிய கையை இஸ்திரிக்காரர் மெல்ல இறக்கிவிட்டார்.

“சமீபத்துல உங்களுக்கு நோய் ஏதாவது வந்துச்சா சார்?” என்றார் நர்ஸ்.

“எனக்கா? ஒரு தும்மல்கூட வந்ததில்லை.”

“பொய் சொல்றார் சிஸ்டர்.”

சோப்புதான். எல்லோரும் திரும்பினார்கள்.

“ஏய்! வாயை மூடு!”

“இத்தனை நாள் மூடித்தானே இருந்தேன்? வெளியூர் போயிருக்கார்னு சொன்னாங்களே, எங்கேயும் போகலை. மாடியிலதான் படுத்திருந்தார். வீட்டாளுங்க பயந்துபோய் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. சாப்பாடு வெச்சதும் வேர்த்து நனைஞ்ச போர்வையை மாத்தினதும் நான்தான். எனக்கு அங்கேருந்துதான் வந்துச்சு.”

நர்ஸ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

“பெரியவரே, உக்காருங்க.”

ஊசி இறங்கியதே இஸ்திரிக்காரருக்குத் தெரியவில்லை. சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் வேலை போறப்பகூட பேசலையே நீ. நானும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“வெளியே தெரிஞ்சா ஹோட்டல் துணி நின்னுடும், எல்லார் பொழப்பும் போயிடும்னு கெஞ்சினார்ண்ணே. சரி, என்னோட போகட்டும்னு விட்டுட்டேன். உங்க ஊசியிலயும் கை வெச்சா எப்படிச் சும்மா இருக்கிறது? அங்க அண்ணி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடக்காங்க.”

முதலாளி சந்தடியில்லாமல் மாடிப்படியில் கால் வைத்தார்.

இஸ்திரிக்காரர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தார். குரல் பழைய கட்டைக்குத் திரும்பியிருந்தது.

“நில்லுங்க முதலாளி! ஊசி போடாத ஆள் நாளையிலேர்ந்து வாசப்படி மிதிக்கக் கூடாது, யாரா இருந்தாலும் சரின்னீங்களே. கடைச் சாவியைக் குடுத்துட்டு மேலே போங்க!”