உனக்கு மட்டும் கிடையாது

"அந்தத் தாள் உனக்குக் கிடையாது" என்றார் செம்பாலா.

நசாலிக்குச் சுருக்கென்றது. இப்போதுதான், அவள் கண் முன்னாலேயே, தொந்தி வைத்த ஓர் ஆசாமிக்கு அதே தாள்கட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆசாமியும் கடையை விட்டு நகராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் பழைய டாக்சி ஸ்டாண்டை ஒட்டிய நடைபாதையில் செம்பாலாவின் புத்தகக் கடை. மேலே பரப்பி வைத்திருப்பது கம்ப்யூட்டர் பரீட்சைக்கான கைடுகள். கீழே, அட்டைப்பெட்டிக்கு அடியில் இருப்பது பரீட்சையிலிருந்து கசிந்த கேள்விகளும் விடைகளும். மேலே இருப்பது மரியாதைக்கு, கீழே இருப்பது பிழைப்புக்கு.

"என்னண்ணே இது? எந்த ஆபீஸ், என்ன வேலைன்னு என் கதையெல்லாம் கேட்டீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு இப்ப இல்லேன்னா எப்படி?"

"இல்லேன்னா இல்லதான்."

"போன்ல பணம் அனுப்பற கம்பெனியில பயிற்சியில இருக்கேன்னு சொன்னேன்ல? இந்தக் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பரீட்சையில பாஸானாத்தான் வேலை நிரந்தரம். தவறினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டாவது தடவையெல்லாம் கிடையாது."

"அதான் சொல்றேன். படி."

"பொம்பளைன்னா இளக்காரமா?"

தொந்திக்காரர் சிரித்தார். "விடும்மா. உனக்குப் படிக்க நேரமிருக்கு, எங்களுக்கு எங்க இருக்கு?"

நசாலிக்கு இன்னும் எரிந்தது. ஒல்லியான கைடு ஒன்றை வெடுக்கென்று எடுத்தாள். அட்டையில் கோட்டு போட்ட ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பத்தே நாளில் வெற்றி என்று போட்டிருந்தது.

"இதையாவது குடுப்பீங்களா?"

செம்பாலா அதையும் பிடுங்கிக்கொண்டார். "இது பழைய பரீட்சைக்குப் போட்டது. பாடத்திட்டம் மாறிப்போச்சு. இதைப் படிச்சிட்டுப் போனா அந்தக் கோட்டுக்காரன் மட்டும்தான் சிரிப்பான்."

அவரே உள்ளே குனிந்து ஒரு தடிப் புத்தகத்தை இழுத்துத் தூசி தட்டினார்.

"தலகாணி மாதிரி இருக்கே!"

"தலைக்கு வச்சுத் தூங்காம இருந்தா பாஸ். ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னாடி செய்முறைப் பயிற்சி இருக்கு. அதைத் தாண்டிக்கிட்டுப் போறதா இருந்தா புத்தகத்தை இங்கேயே வச்சிடு."

"விலை?"

"பாதி குடு போதும்."

"உங்க கைக்காசு போகுமேண்ணே?"

"அது என் பாடு."

நசாலி பணத்தை எடுத்து நீட்டினாள்.

"ரொக்கம் வேண்டாம், போன்ல போடு. இந்த ஸ்டாண்டுல சட்டைப்பையில எதையாவது வச்சா மிஞ்சுமா?"

டாக்சியில் வீடு போய்ச் சேரும்வரை அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். 'என்னைப் பார்த்தால் அவ்வளவு மட்டமாகவா தெரிகிறது? இந்த ஆள் மூஞ்சியில் கொண்டுபோய் ரிசல்ட்டை வீசுகிறேன், இரு!'

வீம்புக்காகவே படித்தாள். ஒரு பயிற்சியைக்கூட விடவில்லை. ஆபீசில் ஓய்ந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள், அந்தப் பூட்டைத் தானே உடைத்தாள், மறுபடி பூட்டினாள். புத்தகத்தின் பாதியைத் தாண்டியதும் வீம்பு போய்விட்டது. ருசி வந்துவிட்டது. பரீட்சை அறைக்குள் நுழையும்போது, கேள்வி கேட்கிறவன்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாஸானாள். வேலையும் நிரந்தரமானது.

ரிசல்ட்டை மூஞ்சியில் வீச இப்போது மனம் வரவில்லை. யோசிக்க யோசிக்க, அந்த மனிதர் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த ஊரில் எல்லோரும் ஆசையாகக் கொறிக்கும் வறுத்த வெட்டுக்கிளி சூடாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"அண்ணே, பாஸாயிட்டேன்!"

"தெரியும். தலகாணி கைவிடாது." செம்பாலா பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு கச்சிதம்."

"அன்னிக்கு உங்களைத் திட்டிக்கிட்டே போனேண்ணே. மன்னிச்சுக்குங்க. குறுக்கு வழியில போக இருந்தவளைத் தடுத்தீங்க. கைக்காசைப் போட்டுப் புத்தகமும் குடுத்தீங்க. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எழுந்து நின்னு உங்களைப் பத்திச் சொன்னேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு எல்லாரும் கைதட்டினாங்க."

செம்பாலா நெளிந்தார். "அதையெல்லாம் எதுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு..."

அதற்குள் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் வந்து நின்றான். "பாதுகாப்புப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் இருக்காமே?"

"எந்த ஆபீஸ்?"

அவன் சொன்னான். செம்பாலா குனிந்தார். அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து தாள்கட்டு வந்தது. வாங்கிக்கொண்டு அவன் கூட்டத்தில் மறைந்தான்.

நசாலி அட்டைப்பெட்டியைக் கை காட்டினாள்.

"என்னண்ணே, இன்னும் அதை விக்கறீங்களா? என் மேல காட்டின அக்கறையை அந்தப் பையன் மேல காட்டக்கூடாதா? அவன் உருப்பட வேண்டாமா?"

செம்பாலா இன்னொரு பிடி வெட்டுக்கிளியை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அவன் வேலை பாக்கறது ஃபுட்பால் பந்தயக் கம்பெனியில, தங்கச்சி. நான் பந்தயம் கட்டறதில்ல. ஆனா உன் கம்பெனியோட போன் கணக்குலதானே என் சேமிப்பு மொத்தமும் கிடக்கு!"