ஆணியில் தொங்காத சாவி

சதீஸ்குமார் வண்டியின் டேங்கை மூன்றாவது முறையாகத் துடைத்தான். தனசேகரன் அதில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே துடைப்பது போலிருந்தது.

நீல வண்டி. ரேஸ்காரன் மாதிரி குப்புறக் குனிந்து ஓட்டுகிற ரகம். பின் சீட்டு ஒரு முறத்தின் அகலம்கூட இல்லை.

இதில் மூட்டை கட்ட முடியாது, கல்லில் அடி தட்டும், தண்ணீராய்ப் பெட்ரோல் குடிக்கும் என்று விற்கிறவனே குற்றம் அடுக்கினான். நாளைக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒருத்தர் பார்க்க வருகிறாராம். வண்டியின் அருமை தெரிந்தவராம்.

தனசேகரன் அசையவில்லை. கேட்ட விலையைக் கொடுக்க, உழவு மாட்டு ஜோடியை விற்றுவிட்டு வந்திருந்தான். ஆசைப்பட்டு வந்தவனில்லை. இந்த வண்டி தன் வாசலில் நிற்க வேண்டும், அதன் சாவி தன் இடுப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலியோரம் அவன் மனைவி ரம்யா மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து மாதம். வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"உன் பழைய வண்டிதான் கல்லு மாதிரி ஓடுதேண்ணா, இது இன்னாத்துக்கு?" என்றான் சதீஸ்குமார்.

பழைய வண்டி ஓடத்தான் செய்தது, ஊருக்காக. சாவி வாசல் ஆணியில் தொங்கும். புளி மூட்டைக்கு, ரேஷனுக்கு, பெண் பார்க்கப் போக என்று யார் வேண்டுமானாலும் ஒரு குரல் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள். கேட்டவனுக்கு வண்டி இல்லை என்று சொல்வது, பசித்து வந்தவனுக்குச் சோறு இல்லை என்று சொல்வதற்குச் சமம். தனசேகரன் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை.

சதீஸ்குமார் வண்டியின் பெருமைக்குப் போனான். மூன்று வருஷத்துக்கு முன் ஒசூரில் வாங்கியது. மலைக்கு ஓட்டிக்கூட வரவில்லை, மினி லாரியில் ஏற்றி வந்தான். ஒரு கீறல் காட்டு, பாதி விலைக்குத் தருகிறேன் என்றான்.

ஒரே ஒரு குறைதான் அவனுக்கு. மேலே போர்த்தியிருந்த பூப்போட்ட துப்பட்டியை எந்தத் திருட்டு நாயோ உருவிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு வருஷப் புழுதி. அம்மாவைக் கேட்டால் வாயே திறப்பதில்லை.

தனசேகரன் மீட்டரைப் பார்த்தான். நாலாயிரத்துச் சொச்சம். மூன்று வருஷத்துக்கு இவ்வளவுதானா என்றான்.

நம்ம ரோட்டில் இதை இறக்க எனக்கென்ன பைத்தியமா, இங்கே சுற்றத்தான் உன் வண்டி இருக்கிறதே என்று சிரித்தான் சதீஸ்குமார்.

தனசேகரனுக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே ஒரு அறை விடலாம் போலிருந்தது.

போன வருஷம் சித்திரையில் இவன் அப்படித்தான் சுற்றப் போனான். சிநேகிதன் கல்யாணம். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். அன்று மத்தியானம் ரம்யாவுக்கு வலி கண்டது, நாள் இருபது இருக்கும்போதே.

ஊர் ஜீப் சந்தைக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும்தான் வரும். நடுவே ஆறு மைல் கல் ரோடு.

தனசேகரன் இந்த வாசலுக்குத்தான் ஓடி வந்தான். இந்த வண்டி இதே இடத்தில், பூட்டி, போர்த்தி நின்றது. இதன் சாவியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. இரண்டு வண்டிச் சாவியும் ஒருத்தன் சட்டைப் பையில்.

நாலு பேர் ரம்யாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்தாள்.

சதீஸ்குமார் வண்டியை யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டு அப்படியே பஸ் ஏறி ஒசூர் போனவன், ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் தலை காட்டுகிறான். குழந்தை தங்கலைன்னு கேள்விப்பட்டேன், பாவம் என்று வந்த அன்றைக்கே வரி கட்டுவது போல் சொல்லி முடித்துவிட்டான்.

தனசேகரன் பணத்தை டேங்கின் மேல் வைத்தான். பணத்தைக் கண்டதும் திருப்பத்தூர்க்காரர் மறந்துபோனார். ஆர்.சி. புக்கும் சாவியும் கைமாறின. தனசேகரன் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து முடிந்துகொண்டான்.

வண்டியைத் தள்ளத் தொடங்கும்போது சதீஸ்குமார் பின்னாலிருந்து சொன்னான்.

"நாளைக்குக் காலையில திருப்பத்தூரு போவணும்ணா. பழைய வண்டிய எடுத்துக்கிறேன்."

கேட்கவில்லை. சொன்னான். எப்போதும்போல.

தனசேகரன் வண்டியை நிறுத்தினான். பழகாத வார்த்தை, வெளியே வர நேரம் பிடித்தது.

"இல்ல."

சதீஸ்குமார் துடைத்த துணியை உதறித் தோளில் போட்டான். பிறகு, ஒரு வண்டிக்கு இரண்டு வண்டி ஆனதும் மனுஷன் மாறிவிட்டான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். இதனால்தான் மலையில் எதையும் நம்பி வைக்க முடிவதில்லை, ஒரு துப்பட்டியைக்கூட விட்டுவைக்காத ஊர் என்றான்.

ரம்யா வேலியோரத்திலிருந்து வந்தாள். மஞ்சள் பையிலிருந்து எடுத்து, நாலாய் மடித்ததை அவன் முன்னால் நீட்டினாள். சிவப்புப் பூக்கள். தோய்த்துத் தோய்த்து வெளுத்திருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் பழுப்பாக இருந்தது.

"திருடுனது நான்தான். இதுலதான் என்னைத் தூளி கட்டித் தூக்கினு போனாங்க."

சதீஸ்குமாரின் கை நீளவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அவன் அம்மா வந்தாள். மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வண்டி மேலிருந்து அதை உருவிக் கொடுத்தவள் அவள்தான்.